சாருலதா கிடைக்கும்... உன்னைப்போல் ஒருவன் கிடைக்காது!

ஒரு சின்ன டெஸ்ட் பாஸ். கடையநல்லூர் பஸ் ஸ்டாண்டுல தென்காசி வண்டிக்காக நிக்கிற அந்தப் பத்து நிமிஷம் போதும். போனை எடுங்க.

1964-ம் வருஷப் படங்களுக்குக் கொடுத்த தேசிய விருதுகளைத் தேடுங்க. அகில இந்திய அளவுல முதல் இடம் சத்யஜித் ரேயோட 'சாருலதா'. ரெண்டாவது இடம் சேத்தன் ஆனந்தோட 'ஹகீகத்', இந்திய - சீனப் போர் பத்தின படம். மூணாவது இடத்துல நிக்கிறார் நம்ம ஜெயகாந்தன்! தன்னோட நாவலைத் தானே டைரக்ட் பண்ணின 'உன்னைப்போல் ஒருவன்'.

இப்ப மூணு படத்தையும் ஒவ்வொண்ணா தேடுங்க. சாருலதா வரும், கண்ணாடி மாதிரி துடைச்ச பிரதியே வரும். ஹகீகத்தும் வரும். மூணாவதைத் தட்டினா... கமல் வருவார்! அது 2009-ல வந்த வேற படம். அதே பேர், அவ்வளவுதான் சம்பந்தம்.

ஜெயகாந்தனோட படம் தொலைஞ்ச படங்கள் லிஸ்ட்டுல சேர்ந்து ரொம்ப நாளாச்சு. சேரி மக்களோட வாழ்க்கை, வீணை சிட்டிபாபு இசை, காந்திமதி நடிப்புன்னு படிச்சுத் தெரிஞ்சுக்கலாம். பார்க்க முடியாது. ரேயோட அதே மேடையில ஏறின படம் மக்கா!

இதுல உச்சகட்ட காமெடி என்ன தெரியுமா? நம்ம காப்பிரைட் சட்டப்படி, ஒரு படம் வெளியான அடுத்த வருஷத்துலேர்ந்து 60 வருஷத்துக்குத்தான் அதுக்கு உரிமை. இந்தப் படம் 1965-ல ரிலீஸ். ஆக, 2025 டிசம்பரோட கணக்கு முடியுது. (கதைக்கான உரிமை தனி, அது எழுத்தாளரோட வாரிசுகளுக்கு.) படத்துக்குப் பூட்டு கழண்டுடுச்சு. ஆனா பெட்டிக்குள்ள ஒண்ணும் இல்லை.

அதுவே நாவலைப் பாருங்க, இன்னைக்கும் புத்தகக் கடையில கிடைக்குது. கிடைக்காமப் போனாலும் பயமில்லை. 1954-ல போட்ட சட்டம் ஒண்ணு இருக்கு. இந்தியாவுல அச்சாகுற ஒவ்வொரு புத்தகத்துலயும் ஒரு காப்பியை கொல்கத்தா தேசிய நூலகத்துக்கும் சென்னை கன்னிமாராவுக்கும் பதிப்பாளர் கொடுத்தே ஆகணும். சினிமாவுக்கு அப்படி ஒரு சட்டம் கிடையாது. புனேல தேசியத் திரைப்பட ஆவணக் காப்பகம்னு ஒண்ணு 1964-ல ஆரம்பிச்சாங்க. பி.கே.நாயர்னு ஒரு மனுஷர் ஊர் ஊரா அலைஞ்சு ரீல் சேர்த்தார். அவர் கைக்குக் கிடைச்சது பிழைச்சது. கிடைக்காதது போச்சு.

"நல்ல படம்னா யாராவது வெச்சிருப்பாங்களே"ன்னு நாம நினைக்கிறோம். யார் வெச்சிருப்பா? அந்தக் காலத்து சினிமாவுல 'படம்'ங்கிறது ரெண்டு பொருள். ஒண்ணு லேப்ல தூங்குற நெகட்டிவ். இன்னொண்ணு, அந்த நெகட்டிவ் யாருக்குச் சொந்தம்னு சொல்ற காகிதம். தயாரிப்பாளர் கடன் வாங்கினா நெகட்டிவ்தான் அடமானம். லேப் பாக்கி தீர்ந்து 'லேப் லெட்டர்' வந்தாத்தான் படமே ரிலீஸ். மசாலா படம்னா வட்டியும் முதலுமா வசூல் வந்துடும், காகிதம் கை மாறிக்கிட்டே இருக்கும், டி.வி-க்கு வித்து, சி.டி-க்கு வித்து, யாரோ ஒருத்தருக்கு அந்த நெகட்டிவ் மேல அக்கறை இருந்துக்கிட்டே இருக்கும். ஓடாத படத்தோட நெகட்டிவை யார் திரும்பிப் பார்ப்பா? தயாரிப்பாளர் காலமாயிடுவார். பிள்ளைகளுக்கு அப்பா படம் எடுத்த கதை தெரியும், நெகட்டிவ் எந்த ரேக்ல இருக்குன்னு தெரியாது. அப்புறம் டிஜிட்டல் வந்து, சென்னையில லேப்களே மூடுவிழா கண்டுச்சு.

சும்மா வெச்சிருந்தா மட்டும் போதுமா? அதுவும் இல்லை. ஃபிலிம் சுருளுக்கு எதிரி ஈரமும் சூடும். ரெண்டும் சேர்ந்தா சுருள் புளிச்ச வாடை அடிக்க ஆரம்பிக்கும். வினிகர் வாடை. அப்புறம் சுருங்கும், முறுக்கிக்கும், பக்கத்து டப்பாவுக்கும் ஒட்டிக்கும். நமக்கு சொர்க்கமா இருக்கிற குற்றாலச் சாரல் ஃபிலிமுக்கு விஷம்!

பாலுமகேந்திராவோட 'வீடு' கதை தெரியும்ல? ஒரு நடுத்தரக் குடும்பம் சென்னையில வீடு கட்டப் படுற பாடு. தேசிய விருதுல சிறந்த தமிழ்ப் படம், அர்ச்சனாவுக்கு சிறந்த நடிகை. அதோட நெகட்டிவ் இல்லாமப் போச்சுன்னு அவரே மேடைக்கு மேடை வருத்தப்பட்டார். 'சந்தியா ராகம்' படத்துக்கும் அதே கதிதான். தமிழ்நாட்டுக்குன்னு ஒரு ஆவணக் காப்பகம் வேணும்னு 2014-ல சாகுற வரைக்கும் கேட்டுக்கிட்டே இருந்தார். அப்ப நாம பார்க்கிற 'வீடு'? ஜெராக்ஸுக்கு எடுத்த ஜெராக்ஸ் மாதிரி. அந்தப் படத்துல வெளிச்சத்தை அவர் எப்படிப் பிடிச்சார்னு யாராவது உங்ககிட்ட சிலாகிச்சா, நம்பித்தான் ஆகணும்.

சரி, கழுதைக்கு வருவோம்.

ஜான் ஆபிரகாம்னு ஒரு மலையாளி. (பாலிவுட் ஜிம் பாடி இல்லைங்க, இவர் வேற!) புனே ஃபிலிம் இன்ஸ்டிட்யூட்ல ரித்விக் கட்டக் கிட்ட படிச்சவர். அவர் எடுத்த ஒரே தமிழ்ப் படம் 'அக்ரஹாரத்தில் கழுதை'. வெங்கட் சாமிநாதன் திரைக்கதை. இசையமைப்பாளர் எம்.பி.சீனிவாசன்தான் ஹீரோ. ஒரு புரொபசர் தாயில்லாக் கழுதைக்குட்டியை எடுத்து வளர்க்கிறார். காலேஜ்ல கேலி பண்றாங்க. சொந்த ஊர் அக்ரஹாரத்துக்குக் கொண்டு போறார். ஊர்ல நடக்கிற எல்லாக் கெடுதலுக்கும் கழுதை மேல பழி. அடிச்சே கொன்னுடுறாங்க. அப்புறம் அதே ஊர் அதை சாமியாக்கிக் கும்பிடத் தயாராகுது!

1977-க்கான தேசிய விருதுல சிறந்த தமிழ்ப் படம் இதுதான். ஆனா தியேட்டர் தியேட்டரா போய்ச் சேரவே இல்லை. அந்தக் காலத்துல நம்ம பக்கத்துக்குப் படம் வரணும்னா திருநெல்வேலி - கன்னியாகுமரி ஏரியாவை ஒரு விநியோகஸ்தர் வாங்கணும், பெட்டி பஸ் ஏறி வரணும். கழுதைக்கு யார் பெட்டி கட்டுவா?

வீடியோ வந்ததும் நிலைமை மாறுச்சான்னா, இல்லை. வளைகுடா சம்பாத்தியத்துல நம்ம ஊர் வீடுகளுக்கு டெக் வந்துச்சு, கேசட் வாடகைக்கு வந்துச்சு. அந்தக் கேசட் வரிசையில ரஜினி இருந்தார், கமல் இருந்தார், கழுதை இல்லை.

மிச்சம் இருந்த ஒரே வழி தூர்தர்ஷன். ஞாயிற்றுக்கிழமை மதியம் மாநில மொழிப் படங்கள் போடுவாங்க. விருதுப் படங்கள் சின்ன ஊர்களுக்கு வந்து சேர்ந்தது பெரும்பாலும் அந்த வழியாத்தான். 1989-ல 'அக்ரஹாரத்தில் கழுதை'யும் ஒளிபரப்பாகும்னு அறிவிச்சாங்க. படத்துக்கு முதல்லேர்ந்தே பிராமண அமைப்புகள்கிட்டேர்ந்து எதிர்ப்பு இருந்துச்சு. கடைசி நேரத்துல ஒளிபரப்பை நிறுத்திட்டாங்க. மத்திய அரசே விருது கொடுத்த படம், மத்திய அரசு டி.வி-யிலயே வர முடியலை. பார்க்க ஜானும் இல்லை. 1987-லயே கோழிக்கோட்டுல ஒரு மாடியிலேர்ந்து விழுந்து இறந்துட்டார்.

பிரான்ஸ்ல ராபர்ட் பிரஸ்ஸான் 1966-ல ஒரு கழுதையை வெச்சுப் படம் எடுத்தார். அந்த பிரெஞ்சுக் கழுதையோட ஒவ்வொரு மயிரும் தெரியுற அளவுக்கு சுத்தமான பிரதி இருக்கு. நம்ம கழுதை இணையத்துல எப்பவாவது மங்கலா தலைகாட்டும்.

நம்ம நெல்லைச் சீமைக்கும் கணக்கு இருக்கு. 'ஏழாவது மனிதன்', 1982. ஹரிஹரன் இயக்கம், ரகுவரனோட முதல் படம். சிமெண்ட் ஆலை மாசுல தவிக்கிற கிராமத்தோட கதை. தயாரிப்பாளர் பாளை சண்முகம், பேர்லயே ஊர் இருக்கு. பாட்டெல்லாம் பாரதியார், இசை எல்.வைத்தியநாதன். அந்தப் பாட்டுகள் உங்க வீட்டு ரேடியோவுல கட்டாயம் கேட்டிருப்பீங்க. படத்தைப் பார்த்தவங்க உங்க கிளாஸ்ல எத்தனை பேர்? இன்னொண்ணு 'ஒருத்தி', 2003. கோவில்பட்டி பக்கத்து இடைசெவல்காரர் கி.ரா எழுதின 'கிடை'யை வெச்சு அம்ஷன் குமார் எடுத்தது. கி.ரா-வைப் பாடத்துல படிக்கிறோம், பரீட்சை எழுதுறோம். படத்தைத் தேடிப் பார்க்கச் சொல்லி எந்த வாத்தியாரும் சொன்னதில்லை.

"நம்ம ஊர் தலைவிதி அப்படி"ன்னு சலிச்சுக்கிறதுக்கு முன்னாடி ரயில் ஏறி மலைக்கு அந்தப் பக்கம் போய்ட்டு வருவோம். செங்கோட்டை, ஆரியங்காவு, புனலூர் தாண்டினா கொல்லம். அங்கே ரவீந்திரநாதன் நாயர்னு ஒரு முந்திரி ஏற்றுமதியாளர் இருந்தார், 2023-ல காலமானார். நாம அண்டிப்பருப்புன்னு சொல்ற அதே முந்திரி! அந்த லாபத்துல ஜெனரல் பிக்சர்ஸ்னு கம்பெனி வெச்சு அரவிந்தனோட 'கும்மாட்டி', 'தம்பு', அடூர் கோபாலகிருஷ்ணனோட 'எலிப்பத்தாயம்'னு எடுத்துத் தள்ளினார். 'கும்மாட்டி'யோட ஒரிஜினல் நெகட்டிவும் பிழைக்கலை. ஆனா புனே காப்பகத்துல பிரின்ட் இருந்துச்சு. உரிமை யாருக்குன்னு தெளிவா தெரிஞ்சுது. கேட்டா பதில் சொல்ல கொல்லத்துல ஆள் இருந்தாங்க. மும்பையில உள்ள ஃபிலிம் ஹெரிட்டேஜ் ஃபவுண்டேஷன் போய்க் கேட்டுச்சு. இத்தாலியில வெச்சு ஃபிரேம் ஃபிரேமா சரி பண்ணி 2021-ல திரையிட்டாங்க. அடுத்த வருஷம் 'தம்பு' கான் திரைப்பட விழாவுக்கே போச்சு.

ரேயோட அப்பு படங்களோட நெகட்டிவ் 1993-ல லண்டன் லேப் தீ விபத்துல கருகுச்சு. அந்தக் கருகல் ரீலைக்கூட அமெரிக்காவுல ஆஸ்கர் அகாடமி ஆவணக் காப்பகம் தூக்கிப் போடாம வெச்சிருந்துச்சு. 20 வருஷம் கழிச்சு, தேறின பகுதிகளை வெச்சு படத்தை மீட்டுட்டாங்க.

தமிழ்ல என்னென்ன எங்கே கிடக்குன்னு இன்னும் முழுசா யாரும் எண்ணலை. அதனால உங்களுக்கு ஒரு வேலை இருக்கு. காலேஜ்ல ஃபிலிம் கிளப் ஆரம்பிக்கப் போறீங்களா? டவுன்லோடு பண்ணின பிரதியைப் போட்டு முடிச்சுடாதீங்க. டைரக்டர் குடும்பத்தையோ தயாரிப்பாளர் குடும்பத்தையோ கண்டுபிடிச்சு, திரையிட அனுமதி கேட்டு ஒரு லெட்டர் போடுங்க. 'எங்க அப்பா படத்தை இன்னும் யாரோ கேட்கிறாங்களா?'ன்னு அந்த வீட்டுல பரணைத் திறந்து பார்க்க அந்த ஒரு லெட்டர் போதும்.

அப்புறம், மூடின தியேட்டர்கள்ல வேலை பார்த்த பழைய ஆபரேட்டர்கள் தென்காசியிலயும் நம்ம ஊர்லயும் இருப்பாங்க. டீ வாங்கிக் கொடுத்துப் பேச்சுக் கொடுங்க. எங்கேயாவது துருப்பிடிச்ச ரீல் டப்பா கண்ணுல பட்டா நெம்பித் திறக்காதீங்க, வெயில்ல காய வைக்காதீங்க, துணியால துடைக்காதீங்க. மூடி மேல ஒட்டின சீட்டுல படத்தோட பேரும் ரீல் நம்பரும் இருக்கும். அதை மட்டும் போட்டோ எடுத்து, புனே காப்பகத்துக்கு அனுப்புங்க.