சதுரங்கக் கட்டமும் மடக்கைக் கணக்கும்

கொச்சியில் சுள்ளிக்கல், மட்டாஞ்சேரி முதலிய இடங்களில் வாழும் நம்மவர் பலர் அம்பலப்புழைப் பால்பாயசத்தைச் சுவைத்திருக்கக்கூடும். ஆலப்புழைக்குத் தெற்கேயுள்ள அக்கிருஷ்ணன் கோயிலில் அது நாள்தோறும் நிவேதிக்கப்படுவதற்கு ஒரு கதை கூறுவர். முனிவர் வேடத்தில் வந்த கண்ணன், அந்நாட்டரசனைச் சதுரங்கத்தில் வென்றான். பந்தயம் அரிசி: முதற் கட்டத்துக்கு 1 மணி, அடுத்ததற்கு 2, அதற்கடுத்ததற்கு 4 என 64 கட்டங்களுக்கும் இருமடங்காகத் தரவேண்டும். அற்பமென்று எண்ணி அரசன் இசைந்திருந்தான். 11-ஆம் கட்டத்தில் 1,024 மணிகளே. 21-ஆம் கட்டத்தில் 10,48,576. 31-ஆம் கட்டத்திலோ 107 கோடிக்கு மேல். 64 கட்டங்களின் கூட்டுத்தொகை 20 இலக்கம் கொண்டது. களஞ்சியம் வறண்டது. அக்கடனை அடியவர்க்குப் பாயசமாக அளித்துத் தீர்க்குமாறு கண்ணன் பணித்தான் என்பர்.

அரசன் கட்டங்களை எண்ணினான், மணிகளை எண்ணவில்லை. ஒன்றிலிருந்து தொடங்கி எத்தனை முறை இரட்டித்தால் ஒரு தொகை கிடைக்கும் என்று காட்டும் எண்ணே, 2-ஐ அடியாகக் கொண்ட மடக்கை, அதாவது லாகரிதம். 16-க்கு 4 முறை. 32-க்கு 5 முறை. இரண்டையும் பெருக்கினால் வரும் 512-க்கு 9 முறை. ஆகவே பெருக்கல் கூட்டலாக எளிமையடைகிறது. ஸ்காட்லாந்து அறிஞர் ஜான் நேப்பியர் 1614-இல் மடக்கை அட்டவணையை வெளியிட்டபோது வானநூலார் அதனைப் போற்றி ஏற்றதற்குக் காரணம் இதுவே.

இம்முறை விளையாட்டு விதிகளிலும் புகுந்துள்ளது. மேசையைச் சுற்றி அமர்ந்து, ஒவ்வொருவரும் ஒரு கதைமாந்தராகி, பகடை உருட்டிக் கதையை நடத்தும் ஆட்டங்கள் உண்டு. கதைமாந்தரின் ஆற்றல் எண்ணால் குறிக்கப்படும். ஆனால் மூட்டை தூக்குபவனும் அனுமனைப்போல் மலையைத் தூக்குபவனும் ஒரே கதையில் வந்தால் என் செய்வது? அமெரிக்காவில் 1985-இல் மேஃபேர் கேம்ஸ் நிறுவனம் வெளியிட்ட 'டி.சி. ஹீரோஸ்' என்னும் ஆட்டம் இதற்கு வழி கண்டது. அதில் எண் ஒன்று கூடினால் அளவு இரட்டிக்கும். வலிமை 2 உடையவனைவிட 12 உடையவன் ஏறக்குறைய 1,000 மடங்கு பாரம் தூக்குவான். தூரமும் காலமும் இவ்வாறே குறிக்கப்படுவதால், வேகத்தின் எண்ணோடு காலத்தின் எண்ணைக் கூட்டினால் கடந்த தூரத்தின் எண் கிடைத்துவிடும். பெருக்கலுக்காக ஆட்டம் தடைப்படுவதில்லை.

ஆயினும் ஒன்றை மறத்தலாகாது. 2, 3 ஆவதும் 11, 12 ஆவதும் பார்வைக்கு ஒரே ஏற்றம். பின்னதில் கூடும் பாரமோ முன்னதைப்போல் 512 மடங்கு.

ஊர் விட்டு ஊர் வந்து உழைப்போர் இக்கணக்கை ஆட்டத்தோடு விட்டுவிடலாகாது. மாதம் நூற்றுக்கு 3 ரூபாய் வீதம் வட்டிக்கு வட்டி ஏறும் கடன், ஏறக்குறைய 2 ஆண்டுகளில் இரட்டிக்கும். 10 ஆண்டுகளில் 5 கட்டங்கள்; 1,000 ரூபாய் 32,000-த்தைக் கடந்துவிடும். கைச்சாத்திடுமுன், மாதத்துக்கு எவ்வளவு என்று மட்டும் கேளாது, எத்தனை ஆண்டில் இரட்டிக்கும் என்றும் கேட்டறிதல் நலம்.