பெயர் மட்டும் நிலைத்த கூட்ஸ் ஷெட்

ரிச்சர்ட்ஸ் டவுன் ஓரமாக, பெங்களூர் கிழக்கு ஸ்டேஷன் வழியே செல்லும் இருப்புப் பாதைதான் இந்நகருக்கு வந்த முதல் ரயில் பாதை. 1864 ஆகஸ்டில் ஜோலார்பேட்டையிலிருந்து கண்டோன்மெண்ட் வரை மதராஸ் ரயில்வே கம்பெனி இதைத் திறந்தது. பிழைப்புத் தேடிய தமிழர்கள் பலர் இவ்வழியேதான் வந்து இறங்கினர். அவர்கள் உண்ட அரிசியும் இவ்வழியே வந்தது.

வந்த மனிதன் மூட்டையைத் தூக்கிக்கொண்டு வெளியே போய்விடுவான். வந்த சரக்கை இறக்கி, எண்ணி, எடை போட்டு, உரியவரிடம் ஒப்படைக்க ஓர் இடம் வேண்டும். அதுவே கூட்ஸ் ஷெட். பின்னர் பாதை சிட்டி ஸ்டேஷன் வரை நீண்டது. அங்கே சரக்குக் கிடங்கை ஒட்டிய தெருவுக்குக் 'கூட்ஸ் ஷெட் ரோடு' என்றே பெயர் வந்தது. அது டி.சி.எம். ராயன் சாலையாக மாறிய பிறகும் பழைய பெயர் மறையவில்லை.

பஞ்சம் தந்த பாடம்

1876-78-ல் தாது வருஷப் பஞ்சம் மைசூர் சமஸ்தானத்தையும் வாட்டியது. ரயில் பெங்களூரோடு நின்றது. அதற்கு அப்பால் தானியத்தை மாட்டு வண்டியில்தான் அனுப்ப வேண்டும். தீவனமின்றி மாடுகளே மடிந்தபோது வண்டிக்கு எங்கே போவது? சமஸ்தானத்தில் சுமார் ஐந்தில் ஒருவர் மாண்டதாகக் கணக்கு. பஞ்ச நிவாரண வேலையாகவே மைசூர்ப் பாதைக்கு மண் வெட்டப்பட்டது. 1882-ல் அது மைசூரை எட்டியது.

தோளில் ஏறிய சுமை

ஆனால் மதராஸ் பாதை பிராட்கேஜ். மைசூர்ப் பாதை மீட்டர்கேஜ். ஒரு பாதையின் வேகன் மற்றதில் ஓடாது. மேற்கே போக வேண்டிய மூட்டைகளை பெங்களூரில் ஒரு வேகனிலிருந்து இறக்கி, இன்னொன்றில் ஏற்ற வேண்டும். இரண்டு தண்டவாளங்களின் அகலம் சேராததற்கான விலையைச் சுமை தூக்குவோரின் தோள்களே ஒரு நூற்றாண்டுக்கு மேல் கொடுத்தன.

கிளார்க்குக்கோ கணக்கே சுமை. ரயில்வே ரசீதைக் காட்டினால்தான் சரக்கு கைக்கு வரும். வேகனைக் காலி செய்யத் தாமதித்தால் டெமரேஜ். இறக்கிய சரக்கைக் கெடு தாண்டி எடுக்காவிட்டால் வார்பேஜ். ஒரு மூட்டை குறைந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் அவர்தான்.

ஏன் ஓய்ந்தது?

முதலில் லாரி வந்தது. கடை வாசலிலேயே சரக்கை இறக்கும் லாரி இருக்க, வியாபாரி ஏன் ஷெட்டுக்கு வர வேண்டும்? 1980-களில் ரயில்வேயும் சில்லறைச் சரக்கைக் குறைத்து, முழு ரயிலாகச் செல்லும் மொத்தச் சரக்கில் கவனம் செலுத்தியது. 1992-ல் தொடங்கிய ஒரே அகலப் பாதைத் திட்டம், வேகன் மாற்றும் வேலைக்கு முடிவு கட்டியது. மொத்தச் சரக்குக்கு ஒயிட்பீல்டு போன்ற புறநகர் முனையங்கள் வந்தன.

வேலை ஓய்ந்த ஷெட்டுகள் இருந்த நிலம் இன்று பொன் விலை. அங்கே புதுக் கட்டடம் எழுவதைக் குறை கூற முடியாது. ஆனால் என்ஜினைக் காக்க மைசூரில் 1979 முதல் ரயில் மியூசியம் இருக்கிறது. மூட்டைக் கொக்கிக்கும், எடை மேடைக்கும், பழுப்பேறிய சரக்குப் பதிவேட்டுக்கும் அந்த மதிப்பு வேண்டாமா?

நம் வீடுகளில் பாட்டனோ, பெரியப்பாவோ ஷெட்டில் மூட்டை சுமந்திருக்கலாம்; ரசீது எழுதியிருக்கலாம். சுவர் இடிவதற்குள் அவர்கள் சொல்வதைக் கேட்டு எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.