காயலான் கடை 'டைராடு' மலையில் ஆபத்து! ஜீப் டிரைவர்கள் கவனிக்க வேண்டியவை

போடி:
குரங்கணி, போடிமெட்டு பக்கம் ஏலத்தோட்ட வேலைக்கு போறவங்க நம்பி இருப்பது ஜீப்பைத்தான். பழைய ஜீப்புக்கு புது சாமான் கிடைப்பது கஷ்டம். இதனால் சிலர் காயலான் கடையில் வேறு வண்டியின் ஸ்டியரிங் ராடை வாங்கி, அளவுக்கு வெட்டி, வெல்டிங் வைத்து மாட்டி விடுகிறார்கள்.

இதில் என்ன ஆபத்து?

ஸ்டியரிங் பெட்டியின் திருப்பத்தை சக்கரத்துக்கு கொண்டு போவது இந்த ராடுகள்தான். வெல்டிங் சூட்டில் இரும்பின் பலம் குறையும்; ஒட்டின ஓரத்தில் விரிசல் விடும். ராடு முனையில் உள்ள பால் ஜாயிண்டு தேய்ந்திருந்தால் குண்டு கழன்று விடும். அப்புறம் ஸ்டியரிங் சுற்றும், சக்கரம் திரும்பாது. 17 கொண்டை ஊசி வளைவு உள்ள போடிமெட்டு ரோட்டில் கேட்கவா வேணும்?

சட்டம் சொல்வது

ஸ்டியரிங் ஆட்டம் 30 டிகிரிக்கு மேல் இருக்கக்கூடாது. அதாவது கடிகாரத்தில் 5 நிமிஷ தூரம். பால் ஜாயிண்டுக்கு ரப்பர் மூடி கட்டாயம். கம்பெனி அமைப்பை அனுமதி இல்லாமல் மாற்றினால், 2019 சட்ட திருத்தப்படி ஒவ்வொரு மாற்றத்துக்கும் ரூ.5 ஆயிரம் அபராதம் அல்லது 6 மாதம் வரை ஜெயில், இரண்டும் கூட கிடைக்கலாம்.

என்ன செய்யலாம்?

சீட்டு, மட்கார்டு பழசாக இருந்தால் பரவாயில்லை. பால் ஜாயிண்டு, ராடு இரண்டும் அதே மாடலுக்கு உரிய புதுசாகவே போடணும். மலை ஏறும் முன் ஒருவர் ஸ்டியரிங்கை இப்படியும் அப்படியும் ஆட்ட, இன்னொருவர் கீழே குனிந்து பார்க்கணும். ராடு அசைந்தும் சக்கரம் அசையாவிட்டால் வண்டியை எடுக்கவே கூடாது.