தீவும் கரப்பந்தும்: மகளிர் அணியின் பயிற்றுநர் குழாம்

கரப்பந்தாட்டம் என்று நாம் வழங்கும் விளையாட்டு 1895 ஆம் ஆண்டில், அமெரிக்காவின் மசச்சுசெற்ஸ் மாநிலத்து ஹோலியோக் நகரில், வில்லியம் மோர்கன் என்னும் உடற்பயிற்சி ஆசிரியரால் தோற்றுவிக்கப்பெற்றது. கூடைப்பந்தாட்டத்தின் ஓட்டத்தையும் மோதலையும் தாங்கமாட்டாத நடுவயதினர்க்கென அவர் அமைத்த எளிய ஆட்டம் அது. இலங்கைக்கு அதனை 1916 ஆம் ஆண்டில் கொணர்ந்தவர், கொழும்பு வை. எம். சி. ஏ. சங்கத்தின் உடற்பயிற்சி இயக்குநராயிருந்த கமாக் என்பார். 1991 ஆம் ஆண்டில் அது இந்நாட்டின் தேசிய விளையாட்டு எனப் பிரகடனஞ் செய்யப்பட்டது. யாழ்ப்பாணத்து ஊர்களில் ஓவர் கேம் என்றும் செற் கேம் என்றும் இருவகையாய் அது வேரூன்றி நிற்றலை நம் பழைய மாணவர்க்கு எடுத்துரைக்க வேண்டுவதில்லை.

ஆயின் மகளிர் அணிகளின் நிலை வேறு. ஊர்காவற்றுறை, நயினாதீவு, நெடுந்தீவு முதலிய தீவகப் பகுதிகளிலே பாடசாலை மகளிர் அணியொன்று தோன்றுவதும், மூன்று நான்கு ஆண்டுகள் சிறந்து விளங்குவதும், அதனை வளர்த்த ஆசிரியர் இடமாற்றம் பெற்றுச் சென்றதும் அணி கலைந்து, வலை பண்டகசாலையிற் சுருண்டு கிடப்பதும் எவரும் எதிர்பார்க்கக் கூடியனவே. பெண்பிள்ளைகளுக்கு ஆர்வம் நிலைப்பதில்லை என்று இதற்குக் காரணங் கூறுவார் உளர். அக்கூற்றை யாம் ஒப்புக்கொள்ளோம். ஓர் அணியின் உயிரை ஒரே ஆசிரியரிடத்து வைத்துவிட்டு, அவர் போனபின் உயிர் போயிற்றே என வருந்துவதிற் பயனென்னை? பயிற்றுநர் ஒருவர் என்பது வேறு. பயிற்றுநர் குழாம் என்பது வேறு. இவ்வேற்றுமையை விளக்குதலே இக்கட்டுரையின் நோக்கம்.

சர்வதேச விதிகள் ஓர் அணிக்குத் தலைமைப் பயிற்றுநர் ஒருவரையும், உதவிப் பயிற்றுநர் இருவர் வரையும், உடற்சிகிச்சையாளர் ஒருவரையும், வைத்தியர் ஒருவரையும் அனுமதிக்கின்றன. ஒவ்வொரு சுற்றின் தொடக்கத்திலும் அறுவர் நிற்கும் ஒழுங்கை எழுதிக் கொடுப்பவர் தலைமைப் பயிற்றுநர். அவ்வொழுங்கு பிறழின் எதிரணிக்குப் புள்ளி போய்விடும். சுற்றொன்றில் இரண்டு இடைநிறுத்தங்களும் ஆறு மாற்றீடுகளுமே அவர் கையிலுள்ள படைக்கலங்கள். களத்தோரத்தில் நின்றும் நடந்தும் அறிவுரை கூற அவர்க்கு உரிமையுண்டு. உதவிப் பயிற்றுநரோ ஆசனத்தில் அமர்ந்திருத்தல் வேண்டும். ஆட்டத்தில் தலையிட அவர்க்கு உரிமையில்லை. தலைவர் களத்தை விட்டு நீங்க நேரின், அணித்தலைவி அதனை முதலாம் மத்தியஸ்தரிடம் உறுதிப்படுத்தியபின் அவ்விடத்தை ஏற்பார். ஒருவர் இல்லாதவிடத்து மற்றொருவர் நிற்றல் வேண்டும் என்பதை விதியே எண்ணிப் பார்த்திருக்கின்றது. நம் பாடசாலைகள் எண்ணிப் பார்த்ததில்லை.

இதற்கு உதாரணந் தேடுவார் ஹவாய்த் தீவுகளை நோக்குவாராக. பசிபிக் மாகடலின் நடுவே, கலிபோர்னியாக் கரையினின்று ஏறக்குறைய 4,000 கிலோமீற்றர் தொலைவிலுள்ள அத்தீவுகளின் பல்கலைக்கழகத்து மகளிர் அணி, அமெரிக்கப் பெருநிலத்துக் கல்லூரிகளை நான்குமுறை வென்று தேசிய வாகை சூடியது: 1979, 1982, 1983, 1987. அங்கே பெண்களின் விளையாட்டுக்கு வழி திறந்தது 1972 ஆம் ஆண்டில் நிறைவேறிய சட்டம் ஒன்று. அரசின் பணத்தைப் பெறும் கல்விக்கூடம் எதுவும் பெண் என்ற காரணத்தால் எவரையும் விலக்கலாகாது என்பது அதன் சாரம். அச்சட்டத்தை ஆக்குவதில் முன்னின்ற பற்சி மிங்க் அம்மையாரும் ஹவாயின் மாவி என்னும் தீவிற் பிறந்தவரே. சட்டம் வந்தவுடன் மகளிர் விளையாட்டுத் துறைக்கு இயக்குநராய் அமர்ந்த டொனிஸ் தொம்சன் அம்மையார், 1975 ஆம் ஆண்டில் டேவ் ஷோஜி என்னும் இளைஞரைப் பயிற்றுநராக நியமித்தார். தொடக்கத்தில் அது பகுதிநேரப் பணியே.

ஷோஜி நாற்பத்திரண்டு பருவங்கள் அங்கேயே இருந்து 1,202 வெற்றிகளோடு ஓய்வுபெற்றார். இவ்வெண்ணைக் கண்டு ஒரு தனிமனிதரின் சாதனை என்று கொள்வது எளிது. ஆயின் அவர் விலகிய பின்னர் நிகழ்ந்ததே நாம் கருதத்தக்கது. 2017 ஆம் ஆண்டில் அவர் இடத்தை ஏற்றவர் றொபின் ஆ மோ. அவர் ஹொனலூலுவிற் பிறந்தவர். ஷோஜியிடமே பயின்று, பந்தை உயர்த்திக் கொடுக்கும் ஆட்டக்காரியாய் விளங்கியவர். அமெரிக்க அணியில் மூன்று ஒலிம்பிக் போட்டிகளில் ஆடி, 2008 ஆம் ஆண்டில் பீஜிங்கில் வெள்ளிப்பதக்கம் பெற்றவர். தாய்க் கல்லூரிக்கு மீண்டு சில ஆண்டுகள் உதவிப் பயிற்றுநராயும் இருந்தவர். ஆட்டக்காரி உதவியாளராகி, உதவியாளர் தலைவரானார். குழாம் என்பதன் பயன் இதுவே. 2008 இல் அவ்வமெரிக்க அணியைப் பயிற்றியவரும் ஒரு பெண்மணி என்பதை இடையே குறிப்பிடல் தகும். அவர் சீனத்து லாங் பிங். 1984 இல் ஆட்டக்காரியாகவும் 2016 இல் பயிற்றுநராகவும் தம் நாட்டுக்குத் தங்கம் ஈட்டியவர்.

இதற்கு மாறான வழியும் ஒன்றுண்டு. யப்பானிய நூற்றொழிற்சாலை ஒன்றின் மகளிர் அணியைப் பயிற்றிய டைமட்சு ஹிரோபுமி, பகலெல்லாம் வேலை செய்த பெண்களை இரவு நெடுநேரம் வரை களத்தில் நிறுத்தி, விழுந்து உருண்டு எழுந்து பந்தை ஏற்கும் முறையைப் பழக்கினார். அவர்கள் 1962 இல் மொஸ்கோவில் உலக வாகையும், கரப்பந்து முதன்முறையாக ஒலிம்பிக்கில் இடம்பெற்ற 1964 இல் தோக்கியோவில் தங்கமும் வென்றனர். ஒருவரின் உறுதி எத்துணை உயரத்துக்கு ஓர் அணியை ஏற்றும் என்பதற்கு அது சான்று. ஆயினும் பாடசாலைக்கு அது ஏற்ற வழியன்று. நெடுந்தீவின் முருகைக்கல் நிலத்தில் விழுந்து உருண்டு பழகுமாறு எந்தப் பிள்ளையிடமும் எவரும் கூறார் என நம்புகின்றோம்.

நிலம் மாத்திரமன்று, காற்றும் தீவகத்துக்குத் தனியானது. சோளகக் காற்று வீசும் மாதங்களில் வெளிக்களத்தில் உயர்த்திய பந்து, உயர்த்தியவள் நினைத்த இடத்துக்கு வாராது. ஆதலின் பந்தைத் தாழ உயர்த்தவும், காற்றுக்கெதிரே நின்று பணிக்கையில் வலிந்தும், காற்றோடு பணிக்கையில் அடக்கியும் அடிக்கவும் பழக்குதல் வேண்டும். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் அணிகள் பக்கம் மாறும். இறுதிச் சுற்றில் 8 ஆம் புள்ளியிலும் மாறும். எப்பக்கத்தில் எவரை முதலிற் பணிக்க விடுவது என்பதைக் காற்றறிந்தவரே கூறுவர். இவ்வறிவு எந்தப் பயிற்சி நூலிலும் இல்லை. அங்கேயே ஆடி வளர்ந்த பழைய மாணவியரிடத்தே உள்ளது. உதவிப் பயிற்றுநர் என்னும் இடத்துக்கு அவர்களினும் தகுதியுடையார் யாவர்? மேலும், உடற்பயிற்சி ஆசிரியர் யாழ்ப்பாணத்திலிருந்து நாள்தோறும் வந்து செல்பவராயின், குறிகட்டுவானுக்குத் திரும்பும் கடைசிப் படகே பயிற்சியின் முடிவு நேரத்தை வகுத்துவிடும். ஊரிலுள்ள உதவியாளர் ஒருவர் இருப்பின், படகு போனபின்னும் ஆட்டம் நடைபெறும்.

போட்டிக்காகக் கடல் கடந்து செல்லும் நாளில் பெண்பிள்ளைகளுடன் ஆசிரியை ஒருவர் உடன் செல்லுதல் பெற்றோரின் நம்பிக்கைக்கு இன்றியமையாதது. அவரும் குழாத்தின் உறுப்பினரே. சுமையெடுத்துச் செல்லும் துணையாள் அல்லர். ஆட்டத்தை அவர் அறிந்திருப்பின், பயிற்றுநரிடம் கூற நாணும் நோவுகளைப் பிள்ளைகள் அவரிடம் கூறுவர். பாய்ந்து இறங்குகையில் முழங்காற் சவ்வு அறுதல் ஆண்களினும் பெண்களிடத்து மிகுதி என மருத்துவர் கண்டுள்ளனர். முழங்கால் உள்நோக்கி வளையாது, இரு பாதமும் ஊன்றி, மெத்தென இறங்கப் பழக்கினால் அத்தீங்கு குறையும். பயிற்சியின் தொடக்கத்தில் பத்து நிமிடம் அதற்கென ஒதுக்குவதைக் கவனிக்க ஒருவர் வேண்டும். அவர் வைத்தியராய் இருக்க வேண்டுவதில்லை.

இறுதியாக ஏட்டாளர். பெரிய அணிகளில் கணினியோடு அமர்ந்திருக்கும் இவர் செய்யும் வேலையை, ஆடாத மாணவி ஒருத்தி அப்பியாசக் கொப்பியிலே செய்யலாம். எதிரணி பணித்த பந்தை ஏற்றவள் யார் என்று எழுதி, அதற்கு 0 முதல் 3 வரை புள்ளியிடல் வேண்டும். பந்து உயர்த்துபவளின் கைக்கு நேரே சென்று, எப்பக்கத்துக்கும் கொடுக்க வாய்ப்பிருப்பின் 3. சில வழிகள் மாத்திரம் திறந்திருப்பின் 2. எவ்வாறோ எதிர்ப்புறம் அனுப்ப முடிந்தால் 1. புள்ளி இழந்தால் 0. பத்து ஆட்டங்களுக்குப் பின் கூட்டி வகுத்துப் பார்த்தால், எவளைப் பின்வரிசையில் எங்கே நிறுத்துவது என்பது தெளிவாகும். புதிய ஆசிரியர் மாற்றம் பெற்று வரும்போது, அக்கொப்பியை அவர் கையிற் கொடுத்து, அவர் முதலாவது பயிற்சியை அடுத்த நாளே தொடங்கலாம்.