ஏஜென்ட் படிக்கும் நாலு வரி

டிக்கோயாப் பக்கம் ஒரு தேயிலை ஃபக்டரி ஆபீஸின் இன்பாக்ஸைத் திறந்தால், கொழும்பு புரோக்கர் அனுப்பிய ஏலக் கட்டலொக், மதிப்பீட்டு அறிக்கை, விற்பனைக் கணக்கு, இபிஎப் கடிதம், உர விலைப்பட்டியல் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கும். 1883 ஜூலை 30இல் தொடங்கிய கொழும்புத் தேயிலை ஏலம் 2020 ஏப்ரலில் இணையத்துக்கு மாறியது. ஏலம் வாராவாரம் நடப்பதால் மெயிலும் வாராவாரம் குவிகிறது. இதை அடுக்கிவைக்க இப்போது ஏஐ ஏஜென்ட் வந்திருக்கிறது.

நான் அட்டனில் இருந்துகொண்டு கொழும்பு மென்பொருள் கம்பனி ஒன்றுக்கு வேலை செய்கிறேன். ஏஜென்ட் பயன்படுத்தும் கருவிகளுக்கு விளக்கம் எழுதுவதுதான் என் வேலை.

கேள்விக்குப் பதில் சொல்வதோடு நிற்காமல், சொன்ன காரியத்தைச் செய்தும் முடிக்கிற ஏஐயை ஏஜென்ட் என்கிறோம். ஆனால் மெயில் பெட்டிக்குள் அது தானாகக் கைவைக்க முடியாது. ஃபோல்டர் உருவாக்க ஒரு சிறு நிரல், மெயிலை நகர்த்த இன்னொன்று என்று நாங்கள் கொடுத்தால்தான் உண்டு. ஒவ்வொரு கருவிக்கும் ஒரு பெயர், ஒரு விளக்கம், அதற்குத் தரவேண்டிய விவரங்களின் பட்டியல் இருக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் நிறுவனம் வெளியிட்ட மாடல் கான்டெக்ஸ்ட் புரோட்டோகால் என்ற பொது விதிமுறையிலும் கருவிகள் இப்படித்தான் அறிமுகமாகின்றன. உள்ளே இருக்கும் நிரலை ஏஜென்ட் பார்ப்பதில்லை. இந்த எழுத்தைப் படித்துத்தான் எதை, எப்போது கூப்பிடுவது என்று முடிவெடுக்கிறது.

ஓய்வுபெற்ற பெரிய கிளாக்கர் ஒருவரிடம் இதைச் சொன்னேன். "அப்ப எழுதி வச்சத மட்டும்தான் பார்க்குமா? ஒரு சந்தேகம்னா யாருகிட்ட கேக்கும்?" என்றார்.

"கேக்கச் சொல்லி எழுதி வச்சாத்தான் ஐயா நிச்சயமா கேக்கும்."

"புதுசா வந்த பையனுக்கு ஃபைல் ராக்கையக் காட்டிக் குடுக்கிற மாதிரிதான், என்ன?"

ஏறக்குறைய அதுதான். ஆனால் பையன் அடுத்த வாரம் பழகிவிடுவான். ஏஜென்ட் ஒவ்வொரு வேலையிலும் அந்த விளக்கத்தை முதல்முறை பார்ப்பதுபோலத்தான் படிக்கும்.

'ஃபோல்டர் உருவாக்கும்' என்று ஒரே வரியில் முடிக்கலாம். தவறில்லை, ஆனால் போதாது. அவுட்லுக்கில் ஃபோல்டர் உண்டு. ஒரு மெயில் ஒரு ஃபோல்டரில்தான் இருக்கும். ஜிமெயிலில் இருப்பவை லேபிள்கள்; ஒரே மெயிலுக்கு நாலைந்துகூட ஒட்டலாம். பல அஞ்சல் சேவையகங்கள் பேசும் ஐமேப் விதிமுறையிலோ, ஃபோல்டருக்குள் ஃபோல்டர் என்பதைக் காட்டும் குறி சேவையகத்துக்குச் சேவையகம் மாறும். சிலதில் சாய்கோடு, சிலதில் வெறும் புள்ளி.

இந்தப் புள்ளிதான் வில்லங்கம். நாம் தேதியை 30.06.2025 என்று எழுதுகிறவர்கள். புள்ளியைப் பிரிப்பானாகக் கொண்ட சேவையகத்தில் அந்தப் பெயரில் ஃபோல்டர் திறக்கச் சொன்னால் 30 என்று ஒன்று, அதற்குள் 06, அதற்குள் 2025 என்று மூன்று முளைக்கும். தமிழ்ப் பெயருக்கும் ஒரு சங்கதி உண்டு. பழைய ஐமேப்பில் 'செக்ரோல்' (தோட்டச் சம்பளப் பதிவேடு) என்ற பெயர் & குறியில் தொடங்கும் ஆங்கில எழுத்துக் கோவையாக மாறித்தான் கம்பியில் போகும். அதைத் திருப்பித் தமிழாக்குவது யார் பொறுப்பு என்பதையும் எழுதவேண்டும். 2021இல் வந்த புதிய பதிப்பில் இந்தத் தொல்லை குறைவு.

அதே பெயரில் ஃபோல்டர் ஏற்கெனவே இருந்தால்? அவுட்லுக், ஜிமெயில், ஐமேப் மூன்றிலும் பிழைதான் திரும்பி வரும். அதற்கு என்ன பொருள் என்று சொல்லிவைக்காவிட்டால், ஏஜென்ட் 'ஏலம் 2', 'ஏலம் புதியது' என்று பெயரை மாற்றி மாற்றி முயலக்கூடும். வேலையை முடிக்கவேண்டும் என்ற அவசரம் அதற்கும் உண்டு. பிறகு விற்பனைக் கணக்கைத் தேடி கிளாக்கர் மூன்று இடம் அலையவேண்டும்.

ஆகவே நான் எழுதுவது இப்படி இருக்கும்:

"புதிய மெயில் ஃபோல்டர் ஒன்றை உருவாக்கும். மெயில்களை நகர்த்தாது. முதலில் இருக்கும் ஃபோல்டர்களின் பட்டியலைப் பார். பொருந்துவது இருந்தால் அதையே பயன்படுத்து. பெயரில் புள்ளியோ சாய்கோடோ வேண்டாம். தேதியை 2025-06-30 என எழுது. 'ஏற்கெனவே உள்ளது' என்ற பிழை வந்தால் பெயரை மாற்றி முயலாதே, உள்ளதைப் பயன்படுத்து. எந்த ஃபோல்டருக்குள் வைப்பது என்று தெரியாவிட்டால் பயனரிடம் கேள்."

இதில் 'மெயில்களை நகர்த்தாது' என்பதுதான் என் கணக்கில் முக்கியமான வரி. கருவி செய்வதை எவரும் எழுதிவிடுவார்கள். செய்யாததை எழுதத்தான் மறப்பார்கள். அந்த வரி இல்லாதபோது, ஃபோல்டரைத் திறந்துவிட்டு மெயில்களையும் உள்ளே போட்டாயிற்று என்று ஏஜென்ட் அறிக்கை கொடுப்பதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறேன். அதற்காகப் பக்கம் பக்கமாக எழுதுவதும் வீண். ஏஜென்ட்டிடம் இதைப்போல முப்பது கருவிகள் இருக்கலாம். ஒன்று நீளமானால் மற்றதெல்லாம் அமுங்கிப்போகும்.

உங்கள் ஆபீஸ் மெயிலை அடுக்கித் தருகிறோம் என்று யாராவது ஏஜென்ட்டைக் கொண்டுவந்தால், விலை பேசுமுன் அதன் கருவிகளுக்கு எழுதியிருக்கும் விளக்கங்களைக் காட்டச் சொல்லுங்கள். ஃபோல்டரை அழிக்கும் கருவியும் கூடவே இருந்தால், உங்கள் சம்மதம் இல்லாமல் ஓடாதபடி அதைப் பூட்டித் தரச் சொல்லுங்கள்.