இழுத்தால் வரும் தவளை

சென்ற குளிர்காலத்தில் என் மகள் தன் பிள்ளைக்கு ஒரு புத்தகம் வரவழைத்தாள். பேரனுக்கு அப்போது 20 மாதம். தடித்த அட்டையில் பத்தே பக்கங்கள். ஓரத்தில் நாக்குப் போல ஓர் அட்டைத் துண்டு நீட்டிக்கொண்டிருக்கும். அதைப் பிடித்து இழுத்தால் குளத்திலிருந்து தவளை தலை நீட்டும். உள்ளே தள்ளினால் மறைந்துவிடும். வேறு பக்கங்களில் கம்பளித் துணி ஒட்டிய ஆட்டுக்குட்டி, சொரசொரப்பான முதலை, வழவழப்பான மீன். விலை 500 ரூபாய்க்கு மேல். நான் தில்லியில் மத்திய அரசு அலுவலகம் ஒன்றில் 34 ஆண்டுகள் கோப்புகளைப் புரட்டி ஓய்வு பெற்றவன். ஐம்பது வார்த்தை கூட இல்லாத புத்தகத்துக்கு இவ்வளவு விலையா என்று மனதுக்குள் முணுமுணுத்தேன். வெளியே சொல்லவில்லை. மகள் வீட்டோடு இருப்பவனுக்கு அந்த அளவு விவேகம் வந்துவிடும்.

மூன்றாம் நாள் தவளையின் நாக்கு அறுந்தது. பிள்ளையைப் பார்த்துக்கொள்ள வரும் ஜார்க்கண்ட் அம்மாளை வீட்டில் எல்லோரும் தீதி என்றுதான் அழைப்போம். அவர், "ஸப் ஃபாட் தேகா" என்று சொல்லிப் புத்தகத்தைப் பீரோவின் மேல் வைத்துவிட்டார். மாலையில் வந்த மகளும், "கொஞ்சம் பெரியவன் ஆகட்டும்பா" என்றாள். பையன் பீரோவைப் பார்த்துக் கை நீட்டி அழுதான். அவனைச் சமாதானப்படுத்தச் செல்போன் வந்தது. அதைத்தான் என்னால் பொறுக்க முடியவில்லை. இரண்டு வயது நிரம்பாத குழந்தைக்குத் திரை வேண்டவே வேண்டாம் என்று இந்தியக் குழந்தை மருத்துவர்கள் சங்கம் 2021-ல் வெளியிட்ட வழிகாட்டுதலில் இருக்கிறது. பீரோ மேல் புத்தகம், பிள்ளை கையில் செல்போன் என்பது என்ன நியாயம்?

புத்தகத்தை இறக்கி, மூக்குக் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு ஆராய்ந்தேன். விஷயம் எளிது. இரண்டு அட்டைகளுக்கு நடுவே ஒரு பட்டை ஓடுகிறது. உள் நுனியில் தவளை, வெளி நுனியில் நாக்கு. பட்டை முழுவதும் வெளியே வந்துவிடாதபடி உள்ளே ஒரு தடுப்பு. நேராக இழுத்தால் ஆயிரம் தடவை தாங்கும். பிள்ளைகள் எதை நேராக இழுத்திருக்கிறார்கள்? கோணலாக இழுக்கும்போது நாக்கு மடிகிறது. மடிந்த இடத்தில்தான் அறுகிறது. பழைய கல்யாணப் பத்திரிகையிலிருந்து ஒரு துண்டு வெட்டி, நாக்கின் பின்பக்கம் ஒட்டி, மேலே செலோ டேப் சுற்றினேன். முதல் தடவை ஒட்டுத் துண்டு உள்ளே வரை போய்விட்டதால் தவளை பாதி வழியில் சிக்கிக்கொண்டது. வெளியே தெரியும் பகுதியை மட்டும் கெட்டிப்படுத்த வேண்டும் என்று பிறகுதான் புரிந்தது. நம் வீடுகளில் கல்யாணப் பத்திரிகைக்கா பஞ்சம்?

இந்த வித்தை புதிதல்ல. ஜெர்மனியில் மியூனிக் நகரத்து லோத்தார் மெக்கன்டார்ஃபர் 19-ஆம் நூற்றாண்டிலேயே இதில் மன்னராக இருந்திருக்கிறார். ஒரே ஒரு பட்டையை இழுத்தால் படத்தில் உள்ளவரின் கை, தலை, கண் எல்லாம் தனித்தனியே அசையும்படி, மெல்லிய செம்புக் கம்பியால் அட்டைகளைக் கோத்து வைத்தார். தொட்டுப் பார்க்கும் வகைக்குப் பெயர் வாங்கித் தந்தது அமெரிக்காவில் டாரத்தி குன்ஹார்ட் 1940-ல் எழுதிய 'பேட் தி பன்னி'. முயலுக்கு மெத்தென்ற ரோமம். அப்பாவின் கன்னத்துக்கு உப்புத்தாள் போன்ற சொரசொரப்பு. சவரம் செய்யாத அப்பாவைப் புத்தகத்தில் ஒட்டலாம் என்று தோன்றியதே, அதற்கு ஒரு கும்பிடு போடலாம். கதவு போல மடலைத் திறந்து பார்க்கும் புத்தகங்களில் எரிக் ஹில்லின் நாய்க்குட்டி ஸ்பாட் 1980-லும், ராட் கேம்பலின் 'டியர் ஜூ' 1982-லும் வந்தன. இரண்டும் இன்றும் கடைகளில் கிடைக்கின்றன.

தவளை பிழைத்தது. இனிப் படித்துக் காட்ட வேண்டும். அங்கேதான் நான் தோற்றேன். நான் வாசிக்க ஆரம்பிப்பதற்குள் பையன் நாக்கை இழுத்து, தள்ளி, மறுபடி இழுத்துக்கொண்டிருந்தான். என் குரல் அவன் காதில் விழுந்ததாகவே தெரியவில்லை. இது என் வீட்டுப் பிரச்சினை மட்டும் அல்ல. ஜூடி டிலோச் என்ற உளவியல் பேராசிரியரும் அவருடைய குழுவினரும் 2010-ல் வெளியிட்ட ஆய்வில், இழுக்கவும் திறக்கவும் அமைப்புகள் உள்ள புத்தகத்தைவிட, சாதாரணப் படப் புத்தகத்திலிருந்துதான் சின்னக் குழந்தைகள் பிராணிகளின் பெயரை நன்றாகக் கற்றுக்கொண்டார்கள் என்று கண்டார்கள். கை வேலையில் இறங்கியதும் கவனமும் கையோடு போய்விடுகிறது.

அப்படியானால் 500 ரூபாய் வீண்தானா? கொஞ்ச நாள் முயன்று பார்த்ததில் எனக்குப் பிடிபட்டது இதுதான். பிள்ளை இழுக்கும்போது பேசிப் பயனில்லை. இழுப்பதற்கு முன்னால் பேச வேண்டும். நாக்கின் மேல் என் கட்டைவிரலை வைத்துக்கொண்டு, "குளத்துக்குள்ள யாரு?" என்று கேட்பேன். பிறகு சும்மா இருப்பேன். இந்தச் சும்மா இருப்பதுதான் கஷ்டம். ஐந்து விநாடி ஐந்து நிமிடம் போல இருக்கும். நம் ஜாதிக்கு விடையை நாமே சொல்லிவிடும் வழக்கம் உண்டு, தாத்தாக்கள் ஜாதியைச் சொல்கிறேன். அவன் என் முகத்தைப் பார்ப்பான். "த..." என்று ஒரு சத்தம் வரும். அப்புறம் கட்டைவிரலை எடுப்பேன். "தவளை!" கை அசைகிற அந்தக் கணத்துக்கு ஒரு கணம் முன்னால் அவன் முழுக் காதோடு இருக்கிறான். அந்த இடத்தில் வைத்த சொல் நிற்கிறது.

எந்த மொழிச் சொல் என்பதில் வீட்டில் ஒரு கலக்கம் இருந்தது. பையன் அதுவரை தெளிவாகச் சொன்னவை நாலைந்துதான்: பானி, பால், நஹீம், தீதி. என்னைக் கூட நானா என்றுதான் கூப்பிட்டான். பிளே ஸ்கூலில் ஓர் ஆசிரியை, "வீட்டில் ஒரே மொழி பேசுங்கள், மூன்று மொழி குழந்தையைக் குழப்பும்" என்று மகளிடம் சொல்லி அனுப்பியிருந்தார். அந்த ஒரே மொழி தமிழாக இருக்கப்போவதில்லை என்று எல்லோருக்கும் தெரியும். குழந்தை மருத்துவரிடம் கேட்டோம். பல மொழி கேட்பதால் பேச்சு தாமதப்படுவதில்லை, எல்லா மொழிச் சொற்களையும் சேர்த்து எண்ணுங்கள், காது நன்றாகக் கேட்கிறதா என்று மட்டும் பார்த்துவிடுவோம் என்றார். காது நன்றாகவே கேட்டது.

இவ்வகைப் புத்தகங்களின் பெரிய வசதி, அவற்றில் எழுத்து மிகக் குறைவு என்பது. ஆங்கிலப் புத்தகம் என்று அட்டைதான் சொல்கிறது. தவளைக்கும் முதலைக்கும் ஒரு மொழியும் கிடையாது. நான் முழுவதையும் தமிழிலேயே நடத்தினேன். தொட்டுப் பார்க்கும் பக்கங்களுக்கு வந்ததும் ஆச்சரியமாக இருந்தது. முதலையின் முதுகுக்கு ஆங்கிலத்தில் ஒரு சொல் அச்சிட்டிருந்தார்கள். நமக்கோ தொல்காப்பியர் இலக்கணம் வகுத்துவைத்த இரட்டைக்கிளவி இருக்கிறது! முதலை சொரசொர. மீன் வழவழ. ஆட்டுக்குட்டி புசுபுசு. ஒரே ஓசை இரண்டு தடவை வருவதால் பேச்சு திரும்பாத வாய்க்கும் பிடித்துக்கொள்ள எளிது. "சொய சொய" என்று அவன் முதலையைத் தடவியபோது, பக்கத்தில் துணி மடித்துக்கொண்டிருந்த தீதி நிமிர்ந்து பார்த்து, "அது குர்த்ரா" என்றார். அதையும் சேர்த்துக்கொண்டோம். இப்போது அவரே "புசுபுசு கஹாங் ஹை?" என்று கேட்கிறார். பீரோவின் மேல் இப்போது சூட்கேஸ்தான் இருக்கிறது.

புத்தகத்தில் மூன்று தடவல்தான், சொற்களோ நிறைய. ஆகவே நாங்களே ஒன்று தைத்தோம். கெட்டியான பத்திரிகை அட்டைகள் ஆறு. ஒன்றில் என் மனைவியின் பழைய பட்டுப் புடவைத் துண்டு, ஒன்றில் உப்புத்தாள், ஒன்றில் பஞ்சு அடைத்த சிறு துணிப் பை, ஒன்றில் பளபளவென்று அலுமினியத் தாள், ஒன்றில் நெளிநெளியான பெட்டி அட்டை, கடைசியில் தேங்காய் நாரால் பின்னிய கயிற்றுத் துண்டு. பசை போதாது, எல்லாவற்றையும் சுற்றிலும் ஊசி நூலால் தைக்க வேண்டும். இந்த வயதில் எதுவும் முதலில் வாய்க்குத்தான் போகும். பொத்தான், ஜிகினா, மணி எதுவும் கூடாது. முதலில் நாரைப் பிரித்து ஒட்டினேன். சாயங்காலமே அவன் வாயிலிருந்து இரண்டு இழை எடுத்தோம். அதனால்தான் கயிறு. அலுமினியத் தாளும் மூன்று நாளில் கிழிந்துபோய், அதன் இடத்துக்கு ஜரிகைக் கரை வந்தது. ஒரு வயதை ஒட்டிய குழந்தைக்கு இப்படிப்பட்ட தடவும் பக்கங்கள் போதும். நாக்கைப் பிடித்து இழுப்பதெல்லாம் ஒன்றரை வயதுக்கு மேல், அதுவும் பெரியவர் மடியில் வைத்து.

ஒன்று சொல்ல வேண்டும். என் மகளுக்குத் தமிழ் எழுதப் படிக்கத் தெரியாது. அவள் சின்னவளாக இருந்தபோது நான் எட்டு மணிக்கு வீடு திரும்புவேன். இந்தியும் ஆங்கிலமும் நன்றாக வந்தால் போதும், தமிழ் எங்கே போகிறது என்று இருந்துவிட்டேன். அவளாக ஒருநாளும் என்னைக் குறை சொன்னதில்லை.

போன ஞாயிற்றுக்கிழமை அவள் பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு நாங்கள் தைத்த புத்தகத்தைப் புரட்டினாள். செல்போனில் ஏதோ குறித்துக்கொள்வதைப் பார்த்தேன். சொரசொர, வழவழ, நெளிநெளி, எல்லாம் ஆங்கில எழுத்தில். "அப்பா, அம்மா மிக்ஸி கிட்ட கொரகொரன்னு சொல்றாளே, அதுவும் சொரசொரவும் ஒண்ணுதானா?" என்று கேட்டாள். வாயால் விளக்கப் பார்த்தேன், வரவில்லை. சமையலறைக்குக் கூட்டிப்போய், ஒரு கையில் தேங்காய் ஓட்டைக் கொடுத்து, மற்றொரு கையில் ஒரு பிடி இட்லி ரவையைப் போட்டேன். இரண்டையும் மாறி மாறித் தடவிப் பார்த்தாள். பையன் அவள் கையிலிருந்த ரவையைத் தட்டிவிட்டான்.