கிளாஸ்கோவிலிருந்து ஒரு குடும்பம், போடியிலிருந்து ஒரு குடும்பம்

தேவிகுளம் தாலுகா, மூணாறு. சி.எஸ்.ஐ. தேவாலயத்துக்கு மேலே மலைச்சரிவில் பழைய கல்லறைத் தோட்டம் இருக்கிறது. தேவாலயத்துக்கு அடிக்கல் நாட்டியது 1910இல். முதல் கல்லறை அதற்கும் மூத்தது. தோட்ட அதிகாரி ஹென்றி நைட்டின் இளம் மனைவி எலினார் இசபெல் மே, 1894 டிசம்பரில் மலையேறி வந்த சில நாட்களிலேயே காலராவுக்குப் பலியானார். வெள்ளைக்காரக் குடும்பங்களின் மலை வாழ்க்கை இப்படிச் சாவோடுதான் தொடங்கியது.

அதற்கு முன்பே, 1877இல் வெள்ளைக்காரரான ஜான் டேனியல் மன்றோ, பூஞ்சாறு அரசரிடமிருந்து மூணாறு அடங்கிய கண்ணன் தேவன் மலையைக் குத்தகைக்குப் பெற்றார். ஏறத்தாழ 227 சதுர மைல். ஆண்டு வாடகை 3,000 ரூபாய். 1880இல் ஏ.ஹெச். ஷார்ப் பார்வதி எஸ்டேட்டில் தேயிலை நட்டார். 1895இல் கிளாஸ்கோ நகரத்து ஃபின்லே மூயர் கம்பெனி உள்ளே வந்தது. பிறகு ஸ்காட்லாந்து இளைஞர்கள் 'சின்னத்துரை'களாக வரத் தொடங்கினார்கள்.

துரையைக் கட்டிக்கொண்டு வந்த துரைசாணிக்கு பங்களா இருந்தது, கணப்பு இருந்தது, பட்லரும் ஆயாவும் இருந்தார்கள். பேச்சுத்துணைதான் இல்லை. அடுத்த பங்களா மலைக்கு அந்தப் பக்கம். ஆயாவின் இடுப்பில் வளர்ந்த பிள்ளை, தாய்மொழியோடு தமிழையும் கேட்டே வளரும். ஏழெட்டு வயதானால் கப்பலேற்றி, சீமையில் விடுதிப் பள்ளியில் சேர்த்துவிடுவார்கள். பிள்ளையோடு போவதா, கணவனோடு இருப்பதா என்று தாய் தவித்தாள். துரைக்கு வேலை முடிந்ததும் குடும்பமே ஊர் திரும்பியது. ஏனென்றால் பங்களா கம்பெனியுடையது.

போடியிலிருந்து கொட்டகுடி வழியாக டாப் ஸ்டேஷனுக்கு ஏறும் மலைப்பாதையில் இன்னொரு குடும்பமும் வந்தது. கங்காணி கொடுத்த முன்பணத்துக்குக் கட்டுப்பட்டு, மதுரை, திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த தமிழ்க் குடும்பம். அதற்குக் கிடைத்தது லயம் எனப்படும் வரிசைக் குடியிருப்பில் ஓர் அறை. பனியில் அம்மா கொழுந்து கிள்ளப் போனாள். கைக்குழந்தையை மூத்த பிள்ளை பார்த்துக்கொண்டது. இந்தப் பிள்ளைக்குக் கப்பல் இல்லை. வயது வந்ததும் அதுவும் கூடை சுமந்தது.

லயமும் கம்பெனியுடையதுதான். ஆக, துரைக்கும் தொழிலாளிக்கும் அந்த மலையில் சொந்த வீடு கிடையாது. வேறுபாடு வேலை முடிந்த பிறகுதான் தெரிந்தது. துரைக்குத் திரும்பிப் போக ஸ்காட்லாந்து இருந்தது. ஊரில் இருந்த துண்டு நிலத்தையும் விட்டு வந்த தொழிலாளிக்கு ஊரும் அந்நியமாகிப் போனது. ஓய்வு பெற்றால் லயத்தைக் காலி செய்ய வேண்டும். வீட்டில் ஒருவராவது தோட்ட வேலையில் இருந்தால்தான் அங்கே தங்க முடியும். கூரைக்காகவே மகளும் மருமகளும் தேயிலைக் காட்டுக்குப் போனார்கள்.

1964இல் டாடா, ஃபின்லேயோடு கைகோத்தது. 1983இல் அது டாடா டீ ஆனது. 2005இல் தொழிலாளர்களும் பங்குதாரர்களாகிப் புதிய கம்பெனி உருவானது. முதலாளிகள் மாறினார்கள், லயத்துச் சட்டம் மாறவில்லை. 2020 ஆகஸ்ட் 6 இரவு மூணாறுக்கு அருகே பெட்டிமுடியில் மலை சரிந்து லயங்களைப் புதைத்தபோது 70 பேர் மாண்டார்கள். ஒரே குடும்பத்தில் பலரை இழந்தவர்கள் உண்டு.

தலைமுறை தலைமுறையாக அந்த மலையைப் பச்சையாக்கிய குடும்பங்கள் கேட்பது மாளிகை அல்ல. வேலை இருந்தாலும் போனாலும் காலி செய்யச் சொல்ல முடியாத, பட்டாவோடு கூடிய ஒரு வீடு. கேரள அரசும் தோட்ட நிர்வாகங்களும் அதைத் தர இனியும் தாமதிக்கக் கூடாது.